அத்தியாயம் 9: ஓடிபி வாங்க எந்த எண்?

இரண்டாவது போன் எண் தேடுகிறவர்கள் எல்லோரும் எதையோ மறைக்கிறவர்கள் அல்லர். பழைய கட்டிலை இணையத்தில் விற்பனைக்குப் போட்டவருக்குச் சொந்த எண்ணை ஊருக்கெல்லாம் கொடுக்க மனமில்லை. வீட்டிலிருந்தே புடவை விற்கும் பெண்ணுக்குக் கடைக்கென்று தனி வாட்ஸ்அப் வேண்டும். ஆப் எழுதுகிறவர், தன் ஆப் அனுப்பும் ஓடிபி அமெரிக்க எண்ணுக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். துபாயில் வேலைக்குப் போனவருக்கு ஊர் சிம் செத்துவிட்டது. வங்கி மட்டும் விடாமல் அந்த எண்ணுக்கே ஓடிபி அனுப்பிக்கொண்டிருக்கிறது.

நால்வரும் இணையத்தில் தேடினால் முன்னால் வந்து நிற்பவை ஒரே மாதிரியான தளங்கள்தான்: ‘ஆன்லைனில் எஸ்எம்எஸ் பெற எண்கள், இலவசம், உடனடி.’ ஒருவருக்கு அது ஐந்து நிமிட வசதி. இன்னொருவருக்கு அது கணக்கையே பறிகொடுக்க வைக்கும். எது யாருக்கு என்று பிரித்துப் பார்ப்பதே இந்த அத்தியாயத்தின் வேலை.

ஐந்தாவதாக ஒரு ரகமும் உண்டு. ‘முதல் ஆர்டருக்குப் பாதி விலை’ சலுகைக்காக மாதாமாதம் புது எண் தேடுகிறவர். அவருக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது. அந்த ஆப்கள் எண்ணோடு நிற்பதில்லை. போனையும் வீட்டு முகவரியையும் கார்டையும் சேர்த்தே ஆளை அடையாளம் கண்டுகொள்கின்றன.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

ஓடிபி ஒரு தடவை வரும், ஆறு இலக்கத்தைத் தட்டினால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வேலை அங்கேதான் தொடங்குகிறது. நீங்கள் கொடுத்த எண்ணை அந்தத் தளம் எழுதி வைத்துக்கொள்கிறது. ஆறு மாதம் கழித்து நீங்கள் பாஸ்வேர்டு மறந்தால், புது போனில் லாகின் செய்தால், கணக்கில் ஏதோ சந்தேகம் என்று தளமே நிறுத்தி வைத்தால், மறுபடி குறியீடு போவது அதே எண்ணுக்குத்தான். அந்த நாளில் எண் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கணக்கின் சொந்தக்காரர். வாடகை எண்ணில் தொடங்கிய கணக்கு லாட்ஜ் அறை மாதிரி. நீங்கள் காலி செய்த மறுநாள் சாவி வேறொருவர் கைக்குப் போய்விடும்.

அதனால் விலை, நாடு, வேகம் எதையும் பார்ப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: இந்த எண் நாளைக்கே கையை விட்டுப் போனால் எனக்கு என்ன நஷ்டம்? ‘ஒன்றுமில்லை’ என்று பதில் வந்தால் பல வழிகள் உண்டு. பணம், அடையாளம், புகைப்படங்கள், வாடிக்கையாளர் பட்டியல், பத்து வருட மின்னஞ்சல் என்று ஏதாவது ஒன்று பதிலாக வந்தால், உங்கள் பெயரில் உள்ள சிம் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள். வங்கி, டீமேட், ஆதார், வருமான வரி, பிஎஃப், முதன்மை மின்னஞ்சல் ஆகியவை இதில் அடங்கும். இந்தப் பட்டியலுக்கு நான் விதிவிலக்கு எதுவும் வைக்கவில்லை.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். உங்களுக்கு இரண்டாவது எண் தேவையா, அல்லது இருக்கும் எண்ணை மறைத்தால் போதுமா? டெலிகிராமில் ‘பிரைவசி’ பகுதிக்குப் போய் எண்ணை யாரும் பார்க்க முடியாதபடி செய்துவிட்டுப் பயனர் பெயரை மட்டும் கொடுக்கலாம். சிக்னல் 2024 பிப்ரவரியில் பயனர் பெயர் வசதியைக் கொண்டுவந்தது. எதிராளிக்கு உங்கள் எண் தெரிய வேண்டியதே இல்லை. பழைய பொருள் விற்கும் ஆப்களில் உள்ளுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் பகுதி இருக்கிறது. கட்டில் விற்கிறவருக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது.

குறியீடு ஏன் வந்து சேர்வதில்லை

இணைய எண் வாங்கியவர்களின் முதல் புகார் ‘பணம் கட்டினேன், ஓடிபி வரவில்லை’ என்பது. அநேகமாக அந்தத் தளம் குறியீட்டை அனுப்பவே இல்லை. ஓர் எண்ணைப் பார்த்து அது மொபைலா, தரைவழித் தொலைபேசியா, இணையம் வழியே இயங்கும் எண்ணா என்று நொடியில் சொல்லிவிடும் தரவுத்தளங்கள் இருக்கின்றன. ட்விலியோ போன்ற நிறுவனங்கள் இந்தச் சோதனையை ஒரு சேவையாகவே விற்கின்றன. வங்கிகளும் பெரிய ஆப்களும் குறியீடு அனுப்புவதற்கு முன் இதைச் செய்துபார்த்து, இணைய எண் என்று தெரிந்தால் ‘இந்த எண்ணைப் பயன்படுத்த முடியாது’ என்று கதவைச் சாத்திவிடுகின்றன.

வேறு காரணங்களும் உண்டு. அதே எண்ணில் ஏற்கெனவே பலர் கணக்குத் தொடங்கியிருந்தால் தளம் மறுக்கும். அமெரிக்காவில் பல நிறுவனங்கள் ஐந்து அல்லது ஆறு இலக்கக் குறுஎண்ணிலிருந்து குறியீடு அனுப்புகின்றன. இணைய எண்கள் பலவற்றுக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. மறுபடி மறுபடி ‘ரீசெண்ட்’ அழுத்துவதில் பயனில்லை. சில தடவைக்குப் பிறகு தளம் உங்களைச் சில மணி நேரம் தடுத்து வைப்பதுதான் நடக்கும்.

இலவசப் பொதுப்பெட்டி

இலவசமாக எண் தரும் தளங்களைத் திறந்ததும் வரிசையாக நாட்டுக் கொடிகள், பக்கத்தில் எண்கள். பிரிட்டன் எண் ஒன்றைத் தொட்டால் கீழே ஒரு பட்டியல் விரிகிறது: யார் அனுப்பியது, எத்தனை நிமிடம் முன்பு, என்ன செய்தி. ஒரு வரியில் டேட்டிங் ஆப்பின் குறியீடு. அடுத்த வரியில் ஏதோ கூரியரின் ‘உங்கள் பார்சல் வந்துவிட்டது’. அதற்குக் கீழே பாஸ்வேர்டு மாற்றுவதற்கான இணைப்பு, முழுசாக, தொட்டால் திறக்கும் நிலையில். இன்னொன்றில் ஆறு இலக்கமும் அதன் பின்னால் ‘இதை யாரிடமும் பகிர வேண்டாம்’ என்ற எச்சரிக்கையும். அந்தப் பக்கத்தை அதே நொடியில் உலகத்தில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ தெரியாது. லாகின் கிடையாது, பூட்டு கிடையாது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இதில் கணக்குத் தொடங்கினால் என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். அதே பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் ஒருவர், அதே ஆப்பில் அதே எண்ணைப் போட்டு, அடுத்து வரும் குறியீட்டைப் படித்து உள்ளே வந்துவிடலாம். நீங்கள் வெளியேற்றப்படுவீர்கள். வாட்ஸ்அப்பில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் அங்கே எண்தான் கணக்கு.

இதற்கு ஒரு பயன் உண்டு என்றால், பெயரோ முகவரியோ கொடுக்காத, மறுபடி திரும்பிப் போகாத ஏதோ ஒரு வைஃபை பக்கத்தையோ கோப்பு இறக்கும் தளத்தையோ தாண்டிப் போவது மட்டும்தான். அங்கேயும் பாதி நேரம் எண் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று திருப்பி அனுப்பிவிடும்.

ஒரு குறியீட்டுக்கு ஒரு விலை

அடுத்த ரகம் காசு வாங்குவது. நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எந்த ஆப்புக்கு என்று சொல்ல வேண்டும், விலை திரையில் வரும். பணம் கட்டியதும் ஓர் எண் கிடைக்கும்; பக்கத்தில் கடிகாரம் பின்னோக்கி ஓடும். அந்தச் சில நிமிடங்களுக்குள் குறியீடு வந்தால் வியாபாரம் முடிந்தது, வராவிட்டால் பணம் திரும்பும். திரும்புவது பெரும்பாலும் உங்கள் வங்கிக்கு அல்ல, அந்தத் தளத்திலேயே இருக்கும் ‘வாலட்’டுக்கு. பொதுப்பெட்டியைவிட இது கண்ணியமாகத் தெரியும். எண் மொபைல் எண்ணாகவே இருப்பதால் தளங்கள் மறுப்பதும் குறைவு. பலர் இங்கேதான் விழுகிறார்கள்.

இத்தனை மலிவாக, இத்தனை நாட்டு மொபைல் எண்கள் எங்கிருந்து வருகின்றன? 2025 அக்டோபர் 10 அன்று லாத்வியாவில் நடந்த சோதனையில் ஒரு பதில் கிடைத்தது. ஆஸ்திரியா, எஸ்தோனியா, லாத்வியா நாட்டுப் போலீசார் ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலுடன் சேர்ந்து நடத்திய நடவடிக்கை அது. ஒரே நேரத்தில் ஏராளமான சிம்களைச் செருகி இயக்கும் ‘சிம் பாக்ஸ்’ கருவிகள் 1,200, இயங்கிக்கொண்டிருந்த சிம் கார்டுகள் 40,000 கைப்பற்றப்பட்டன. 80க்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ளவர்களின் பெயரில் பதிவான எண்களை இரண்டு தளங்கள் மூலம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த எண்களில் திறக்கப்பட்ட போலிக் கணக்குகள் 4.9 கோடிக்கும் மேல் என்று யூரோபோல் சொன்னது. ஆஸ்திரியாவில் மட்டும் 1,700க்கும் அதிகமான மோசடி வழக்குகள் இந்த வலைப்பின்னலோடு தொடர்புள்ளவை.

அதற்கு முன்பே, 2022 பிப்ரவரியில், டிரெண்ட் மைக்ரோ என்ற பாதுகாப்பு நிறுவனம் இன்னொரு வகையை வெளிப்படுத்தியது. அங்கே சிம் பாக்ஸ்கூட இல்லை. யாரோ ஓர் அப்பாவியின் ஆண்ட்ராய்டு போனில் தீய மென்பொருள் உட்கார்ந்துகொண்டு, அவருக்குத் தெரியாமல் வரும் குறியீட்டு எஸ்எம்எஸ்ஸைப் பிடித்து அனுப்பியது. வாங்குகிறவர் ‘இந்தோனேசிய எண்’ என்று நினைத்து வாடகை கொடுப்பது, இந்தோனேசியாவில் ஒருவரின் சட்டைப்பையில் இருக்கும் போனுக்கு.

இந்த வகைத் தளங்கள் அத்தனையும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எது எப்படி என்று வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள உங்களுக்கு வழியில்லை. நிறுவனத்தின் பதிவு முகவரி இருக்காது, எண்கள் எந்த ஆபரேட்டரிடம் வாங்கப்பட்டவை என்று எழுதியிருக்காது, கிரிப்டோவில் பணம் கட்டச் சொல்வார்கள். அங்கே உங்கள் மின்னஞ்சலும் கார்டு விவரமும் போய்ச் சேர்கின்றன. நாளைக்குப் போலீசார் சர்வரைக் கைப்பற்றினால் வாடிக்கையாளர் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கும். இந்த ரகத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

மாத வாடகை எண்கள்

முறையான நிறுவனங்கள் இங்கேதான் இருக்கின்றன. கூகுள் வாய்ஸ், டெக்ஸ்ட்நவ், ஹஷ்ட், மைசூடோ போன்றவை பேசவும் செய்தி பெறவும் ஓர் எண்ணைத் தொடர்ந்து உங்களிடமே வைத்திருக்கின்றன. அமெரிக்காவிலோ கனடாவிலோ இருப்பவர்களுக்கு இவை உண்மையிலேயே உதவும். வீடு தேடும்போது, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, பழைய பொருள் விற்கும்போது கொடுக்க ஒரு தனி எண் அங்கே பலரிடம் இருக்கிறது. இந்தியாவில் இருந்துகொண்டு வாங்க நினைப்பவர் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: தனிநபருக்கான கூகுள் வாய்ஸ் அமெரிக்காவுக்கு மட்டுமானது, பதிவு செய்யவே அங்குள்ள எண் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

இந்த வகையில் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரப் பக்கத்தைப் படிக்காதீர்கள். ‘உதவி’ பக்கத்தையும் விதிமுறைகளையும் படியுங்கள். அங்கே நான் தேடுவது நான்கு விஷயங்கள்.

பயன்படுத்தாமல் விட்டால் எண்ணை எப்போது திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்பது முதலாவது. கூகுள் வாய்ஸில் மூன்று மாதம் அழைப்போ செய்தியோ இல்லாவிட்டால் எண் போய்விடலாம். டெக்ஸ்ட்நவ் போன்ற இலவசச் சேவைகளில் கெடு இதைவிடக் குறைவு; எண்ணைப் பூட்டி வைக்கத் தனிக் கட்டணம் கேட்பார்கள். ஓடிபிக்கென்று வாங்கிய எண்ணை யாரும் தினமும் பயன்படுத்துவதில்லை என்பதால், இந்தக் கெடுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

எண்ணை வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்து எடுத்துப்போக அனுமதி உண்டா என்பது இரண்டாவது. இது வீண் கவலை என்று நினைத்தால் ஸ்கைப்பைப் பாருங்கள். 2003இல் தொடங்கி உலகமெல்லாம் தெரிந்த பெயர். காசு கட்டி ஸ்கைப் எண் வைத்திருந்தவர்கள் ஏராளம். 2025 மே 5 அன்று மைக்ரோசாஃப்ட் அதை மூடிவிட்டது. பத்து வருடமாக ஒரே எண்ணை வைத்து வங்கியும் அலுவலகமும் நடத்தியவர்கள் அவசர அவசரமாக மாற்று தேட வேண்டியதாயிற்று.

மூன்றாவது, குறியீட்டுச் செய்திகள் வரும் என்று நிறுவனம் தானே உறுதி சொல்கிறதா. நேர்மையான நிறுவனங்கள் பல, ‘வங்கி ஓடிபிக்கு இந்த எண்ணை நம்ப வேண்டாம்’ என்று உதவிப் பக்கத்தில் வெளிப்படையாகவே எழுதியிருக்கும். அப்படி எழுதியிருப்பதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லா ஆப்பிலும் நூற்றுக்கு நூறு வேலை செய்யும் என்கிறவரைவிட அவர்கள் நம்பத் தகுந்தவர்கள்.

நான்காவது, அந்தச் சேவையின் கணக்குக்குள் நுழைய என்ன பாதுகாப்பு. உங்கள் ஓடிபி எல்லாம் ஓர் ஆப்புக்குள் வருகிறது, அந்த ஆப்புக்கு வெறும் பாஸ்வேர்டுதான் பூட்டு என்றால், திருடனுக்கு வேலை சுலபம்.

வருடச் சந்தாவில் பாதி விலை என்று ஆசை காட்டுவார்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். எண் வந்ததும் எங்கும் பதிவு செய்யாமல், அதை உங்கள் போனில் தொடர்பாகச் சேமித்து வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் தேடிப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவரின் கல்யாணப் படமோ குழந்தை படமோ வந்து நின்றால், அந்த எண்ணின் பழைய சொந்தக்காரர் இன்னும் கணக்குகளைக் காலி செய்யவில்லை என்று அர்த்தம். வேறு எண் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் புது சிம்முக்கும் இதே சோதனைதான்.

இது அரிதான சங்கதியும் அல்ல. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல், இரண்டு பெரிய அமெரிக்க ஆபரேட்டர்களிடம் புது வாடிக்கையாளருக்குத் தயாராக இருந்த 259 எண்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 171 எண்கள் பிரபலமான தளங்களில் ஏற்கெனவே யாருடைய கணக்கோடோ பிணைந்திருந்தன. விட்டுவிட்ட எண்ணை மறுபடி கொடுப்பதற்கு முன் அமெரிக்காவில் குறைந்தது 45 நாள் இடைவெளி. இந்தியாவில் 90 நாள். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இந்த 90 நாள் கணக்கைத்தான் சொன்னது. பழைய எண்ணில் இருக்கும் வாட்ஸ்அப் கணக்கை நீக்கித் தன் தகவலைக் காத்துக்கொள்வது சந்தாதாரரின் பொறுப்பு என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இந்தியாவில் இருப்பவருக்கு

+91 எண்ணை இணையத்தில் வாடகைக்கு வாங்க நினைக்கவே வேண்டாம். கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்பு இல்லாமல் யாராவது உங்களுக்கு இந்திய மொபைல் எண் கொடுக்கிறார் என்றால், அந்த சிம் வேறு யாரோ ஒருவரின் ஆதாரில் வாங்கப்பட்டது. முறையான நிறுவனங்கள் விற்கும் இந்திய மெய்நிகர் எண்கள் கம்பெனிகளுக்கானவை, ஆவணம் கேட்பார்கள்.

இங்கே மலிவான, சட்டப்படியான, எல்லா ஆப்பும் ஏற்கும் வழி இரண்டாவது சிம்தான். போனில் இடமில்லையென்றால் இ-சிம். ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புகள் வரை வைத்துக்கொள்ளலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் ஆறு. புடவை விற்கும் பெண்ணுக்கு என் பதில் இதுதான். ஒரே ஆண்ட்ராய்டு போனில் இரண்டு வாட்ஸ்அப் கணக்கு வைக்கும் வசதி 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. கடைக்கு வாட்ஸ்அப் பிசினஸ் போட்டால், வீட்டிலோ கடையிலோ சும்மா கிடக்கும் தரைவழித் தொலைபேசி எண்ணிலேயே பதிவு செய்யலாம். குறியீட்டை எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் அழைப்பாகக் கேட்டு வாங்கினால் போதும்.

இரண்டாவது சிம்மை உயிரோடு வைக்க ஆகும் செலவுதான் பலரையும் தயங்க வைக்கிறது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் பிரீபெய்டு இணைப்பைத் துண்டிக்கலாம், ஆனால் கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருப்பு இருந்தால் துண்டிக்கக் கூடாது என்பது டிராய் விதி. இதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். எண் உங்கள் பெயரில் இருப்பது வேறு, அதற்கு எஸ்எம்எஸ் வருவது வேறு. ரீசார்ஜ் கெடு முடிந்த சில நாளில் உள்வரும் செய்தியும் நின்றுவிடும். டேட்டா இல்லாத, அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டங்களை நிறுவனங்கள் கொடுத்தாக வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. ஓடிபிக்கென்று வைத்திருக்கும் சிம்முக்கு அதுதான் பொருத்தம். ஆபரேட்டரின் ஆப்பில் முதல் பக்கத்தில் அது கண்ணில் படாது; கீழே தேட வேண்டும்.

வெளிநாட்டு வாடகை எண்ணில் வாட்ஸ்அப் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. பதிவு செய்த சிம் போனுக்குள் இருந்தால்தான் செய்தி ஆப்கள் இயங்க வேண்டும் என்று 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் உள்ளிட்ட ஆப்களுக்கு உத்தரவு போட்டது. அரசு எந்தத் திசையில் நகர்கிறது என்பது தெளிவு. கையில் சிம் இல்லாத எண்ணில் கடையின் வாடிக்கையாளர் பட்டியலைக் கட்டுவது புத்திசாலித்தனம் அல்ல.

ஆப் எழுதுகிறவருக்கு வாடகை எண்ணே வேண்டாம். ஃபயர்பேஸில் சோதனைக்கென்று கற்பனை எண்ணும் அதற்கு நிலையான குறியீடும் பதிந்து வைக்கலாம். எஸ்எம்எஸ் போகாமலே முழுப் பாதையையும் சோதிக்கலாம். நிஜமாகவே வெளிநாட்டில் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க, ட்விலியோ போன்ற இடத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயரில் ஓர் எண் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு

நம் ஆட்களில் இதனால் மிக அதிகம் அவதிப்படுகிறவர்கள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள்தான். கார்டு எதிரில் இல்லாத பரிவர்த்தனைக்குக் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலிருந்து கட்டாயமாக்கியது. அதிலிருந்து ஊர் வங்கிக் கணக்கும் ஊர் சிம்மும் ஒட்டிப் பிறந்தவை ஆகிவிட்டன. சிம் போனால் கணக்கைத் தொட முடியாது. அப்போது இணையத்தில் ‘இந்திய எண் வாடகைக்கு’ என்று தேடுகிறார்கள். அது வேலைக்கே ஆகாது: வங்கியில் பதிவான எண் பழைய எண், ஓடிபி அங்கேதான் போகும்.

கிளம்புவதற்கு முன்பே, சென்னையிலோ திருச்சியிலோ விமானம் ஏறுவதற்கு ஒரு வாரம் முன்னால், இன்டர்நேஷனல் ரோமிங்கைத் திறந்துவிட்டு, குறைந்த ரீசார்ஜில் சிம்மை வைத்திருங்கள். அங்கே போய் இரண்டாவது சிம்மாக அதைச் செருகி, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். சுற்றுலாவுக்கு விற்கும் இ-சிம்கள் பெரும்பாலும் டேட்டா மட்டுமே. அவற்றில் எண்ணே இருக்காது, ஓடிபியும் வராது.

அதோடு வங்கிக் கணக்கை என்ஆர்ஓ, என்ஆர்இ ஆக மாற்றும்போதே வெளிநாட்டு எண்ணைப் பதிவு செய்ய முடியுமா, மின்னஞ்சலுக்கும் ஓடிபி வருமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வெளிநாட்டு எண்ணிலேயே யுபிஐ பயன்படுத்த 2023 ஜனவரியில் முதலில் பத்து நாடுகளுக்கு அனுமதி கிடைத்தது. சிங்கப்பூர், அமீரகம், சவுதி, கத்தார், ஓமன், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாங்காங். ஆதாருக்கு இந்த வழி கிடையாது, அதற்கு இந்திய எண்தான். ஊரில் இருக்கும் அப்பாவின் எண்ணைப் போட்டுவிட்டு இரவு பதினொரு மணிக்கு அவரை எழுப்பி ஓடிபி கேட்கிறவர்கள் உண்டு. அதைவிட வருடத்துக்கு ஒரு ரீசார்ஜ் மலிவு, அப்பாவுக்கும் தூக்கம் கெடாது.

எண் கிடைத்த பிறகு

எந்த எண்ணில் கணக்குத் தொடங்கினாலும், அன்றைக்கே எஸ்எம்எஸ்ஸிலிருந்து விலகப் பாருங்கள். எஸ்எம்எஸ் ஓடிபி பலவீனமானது என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 2017இல் ஜெர்மனியில் தொலைபேசி வலைப்பின்னலின் எஸ்எஸ்7 ஓட்டையைப் பயன்படுத்தி வங்கிக் குறியீடுகளைத் திருப்பிப் பணம் எடுத்தார்கள். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் அன்றைய தலைவர் ஜாக் டார்சியின் சொந்தக் கணக்கிலேயே, அவர் எண்ணைக் கைப்பற்றியவர்கள் ட்வீட் போட்டார்கள்.

கணக்கின் செட்டிங்ஸில் ‘அதென்டிகேட்டர் ஆப்’ அல்லது ‘பாஸ்கீ’ இருந்தால் அதைப் போடுங்கள். அதென்டிகேட்டர் உங்கள் போனுக்குள்ளேயே 30 விநாடிக்கு ஒரு குறியீடு உருவாக்கும். எந்த ஆபரேட்டரும் நடுவில் இல்லை. மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஆறு இலக்கப் பின், சிக்னலில் ‘ரெஜிஸ்ட்ரேஷன் லாக்’, டெலிகிராமில் இரண்டாம் கட்ட பாஸ்வேர்டு ஆகியவற்றைப் போட்டுவிட்டால், எண் கைமாறினாலும் புது ஆள் உடனே உள்ளே வர முடியாது. எண்ணைக் கைவிடுவதாக இருந்தால், கைவிடுவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் ‘சேஞ்ச் நம்பர்’ செய்யுங்கள். மற்ற கணக்குகளில் எண்ணை நீக்குங்கள். பிறகு செய்யலாம் என்று விட்டால் முடியாது, ஏனென்றால் நீக்கவும் அந்த எண்ணுக்குத்தான் ஓடிபி வரும்.

வங்கிகள் பக்கமும் மாற்றம் வருகிறது. இரண்டு கட்டச் சரிபார்ப்பு தொடர வேண்டும், ஆனால் அதில் எஸ்எம்எஸ் ஓடிபிக்கு மாற்றான வழிகளையும் பயன்படுத்தலாம் என்ற ரிசர்வ் வங்கி விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் பொருந்துகின்றன. உங்கள் வங்கி ஆப்பில் வேறு வழி காட்டினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எண் வாங்குகிறவர்களுக்கு அல்ல, விற்க நினைப்பவர்களுக்கு. ‘உங்கள் சிம்முக்கு வரும் ஓடிபியை மட்டும் அனுப்புங்கள், ஒவ்வொன்றுக்கும் கமிஷன்’ என்று கல்லூரி மாணவர்களையும் வேலை தேடுகிறவர்களையும் டெலிகிராமில் அணுகுகிறார்கள். மேலே சொன்ன தளங்களுக்கு எண்கள் போகும் வழிகளில் இதுவும் ஒன்று. அந்த எண்ணில் யாரோ மோசடி செய்தால் போலீஸ் முதலில் தேடி வருவது சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரை. மோசடியாகவோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் வாங்கினால் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். உங்கள் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்று ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் இன்றே பாருங்கள். உங்களுடையது அல்லாத எண் இருந்தால் அங்கேயே புகார் கொடுத்துத் துண்டிக்கச் சொல்லலாம். பணம் போய்விட்டிருந்தால் நேரம் கடத்தாமல் 1930க்கு அழையுங்கள்.